தனக்கு ஒரு சம்பளம்

டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு, அவர்கள் வீட்டில் கணக்குப் பார்க்கும் நாள். சலவைக்கடைக்காரிக்குக் கல்யாணமான மறுவருடத்திலிருந்தே இந்தப் பழக்கம். அவள் கணவர் பஸ் டிரைவர். பாஸ்புக்கும் பில்களும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் போதும், குளியலறைக் குழாய் ஒழுகுவது அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிடும். ஸ்பானரோடு உள்ளே போனால் மதியம்தான் தலைகாட்டுவார். அந்த வருடம் அவள் சனிக்கிழமையே பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டாள். தப்பிக்க வழியில்லாமல் அவரும் காப்பியோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

வீட்டுக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகை, மகளின் கல்லூரிக் கட்டணம், மளிகை எல்லாம் டிரைவர் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓடின. உதைத்தது அவளுடைய கிரெடிட் கார்டுதான். வருடம் முழுக்க மாதம் தவறாமல் பணம் கட்டியும் பாக்கி குறையவில்லை, போன வருடத்தைவிட ஏறியிருந்தது. கட்டிய வட்டியை மட்டும் டிரைவர் தனியாகக் கூட்டிப் பார்த்தார். அந்தப் பணத்துக்கு ஒரு வாஷிங் மெஷினே வாங்கியிருக்கலாம்.

"நகைநட்டுன்னு நீ ஒண்ணும் வாங்கலையே. அப்புறம் எங்கதான் போச்சு?" என்றார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே பிடிபடவில்லை.

அவள் கார்டு பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சோப்புத்தூள், ப்ளீச், மெஷினுக்கு பெல்ட், மறுபடி சோப்புத்தூள். எல்லாமே கடைச் செலவு. கல்லாவில் காசு இல்லாதபோதெல்லாம் கார்டை நீட்டியிருக்கிறாள். கல்லாவில் ஏன் காசு இல்லை என்ற யோசனை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜில் போய் நின்றது. அவளுடைய பெரிய வாடிக்கை அதுதான். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டுமாகத் தினமும் மூட்டை மூட்டையாக வரும். பணம் மட்டும் இரண்டு மாதம் கழித்து வரும்.

லாட்ஜ் துணிக்கு மட்டும் தனியாக ஒரு கணக்குப் போட்டாள். சோப்பு, கரண்ட், இஸ்திரி போடும் பெண்ணின் கூலி எல்லாம் போக மிஞ்சியது கொஞ்சம். அதையும் கார்டு வட்டி விழுங்கிவிட்டது. ஊரே பொறாமைப்பட்ட வாடிக்கை அவளுக்கு நஷ்டம்.

டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எல்லாம் சரி, இதுல உன் கூலி எங்க?"

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி பார்த்தாள்.

"பஸ் காலியா ஓடினாலும் எனக்குச் சம்பளம் வந்துடுது. நீ கால் கடுக்க நிக்கிறியே, உனக்கு யார் குடுக்கறாங்க?"

கடை ஆரம்பித்து இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. புதிதாக ஒரு தாள் எடுத்தாள். சோப்புக்கும் கரண்டுக்கும் மேலே, முதல் வரியில், தன் சம்பளத்தை எழுதினாள். பிறகு அதற்கு ஏற்றபடி ரேட்டைத் திருத்தினாள். லாட்ஜுக்கு இனி கடன் கிடையாது, துணி வரும்போதே பணம் வரவேண்டும் என்று முடிவெடுத்தாள். கேள்வி கேட்ட டிரைவரே இப்போது பின்வாங்கினார். லாட்ஜ்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்றார்.

"போனா போகட்டுங்க. நஷ்டத்தையும் சேர்த்து மூட்டை கட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

அவள் புது ரேட்டைச் சொல்லி அனுப்பியதும், ஜனவரி முதல் வாரம் லாட்ஜ் மேனேஜர் கடைக்கே வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், வாய்க்கு வாய் அக்கா என்பார். புது ரேட்டைக் கேட்டால் ஓனர் தன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று புலம்பினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"தம்பி, பழைய ரேட்டுக்கு உங்க துணிய துவைக்க நான் கைக்காசு போட வேண்டியிருக்கு. இத்தனை நாள் தெரியாம போட்டேன். இப்ப தெரிஞ்சுபோச்சு."

அப்படியானால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் எழுந்து போனார். பழைய பாக்கியை இரண்டு தவணையில் தந்தார்கள். மூட்டைகள் நின்றன.

மெஷின்கள் சும்மா நின்ற அந்த இரண்டு வாரம் அவளுக்கும் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் உட்கார்ந்து கவலைப்பட அவளுக்குத் தெரியாது. ரேட் எழுதிய அட்டையோடு பல் ஆஸ்பத்திரி, ஜிம், முடிதிருத்தும் கடை, பெண்கள் ஹாஸ்டல் என்று படியேறினாள். ஜிம்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹாஸ்டல் வார்டன் அன்று மாலையே ஒரு கூடைத் துணி அனுப்பினார். பல் ஆஸ்பத்திரியிலிருந்து கோட்டுகள் வந்தன. சின்னச் சின்ன வாடிக்கைதான், ஆனால் கையில் காசு, வாயில் நன்றி. மார்ச் மாதத்தில் மெஷின்கள் பழையபடி ஓடின. முன்பெல்லாம் ஒன்பது மணிவரை திறந்திருந்த கடையை ஆறு மணிக்கே சாத்த முடிந்தது. ஜூனில் கார்டு பாக்கி தீர்ந்தது.

அடுத்த மாதம் லாட்ஜ் மேனேஜர் மறுபடி வந்து, அந்தப் புது ரேட் என்ன என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். சொன்னாள். ஓனரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

வயதான காலத்துக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்க அவள் வங்கிக்குப் போனாள். டிரைவரும் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டாள். முன்பானால் அவள் கணவர் முகத்தைப் பார்த்திருப்பாள். இப்போது தொகையைப் பட்டென்று சொன்னாள்.

"சம்பளமா மேடம்? யார்கிட்ட வேலை பாக்கறீங்க?"

"என்கிட்டயேதான்" என்றாள் சலவைக்கடைக்காரி. "முதலாளியம்மா கொஞ்சம் கறார். ஆனா சம்பளம் மட்டும் நாள் தவறாம குடுத்துடறாங்க."

கவுன்ட்டர் பெண் சிரித்துக்கொண்டே படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.