மகுடபதி சாரின் வலது கை

மேலாளர் மகுடபதியின் வலது கை என் தோளில் இருக்கிறது. போன மாதம் ஸ்டோர் ரூமில் வைத்தார். நான் உதறிவிட்டு ஓடிவந்தபோது, அது அவரை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டது.

அதோடுதான் பஸ்ஸில் போகிறேன். அதோடுதான் பனியன்களைச் செக்கிங் செய்கிறேன். புகார் கொடுத்தேன். விசாரணைக் கமிட்டி கூப்பிட்டது.

மகுடபதி எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கை காலியாகத் தொங்கியது. இடது கையால் டீ குடித்தார்.

"சாட்சி இருக்குதா அம்மணி?" என்றார் கமிட்டித் தலைவி சௌந்தரவல்லி.

"கையே இருக்குதுங்க மேடம்."

"கை பேசுமா?"

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். கமிட்டி கண்ணாடி கொண்டுவரச் சொன்னது. எல்லோரும் அதில் என் தோளைப் பார்த்தார்கள். கண்ணாடியில் அது இடது கையாகத் தெரிந்தது.

"சாரோட இடது கை அவருகிட்டயே இருக்குதே," என்றார் தலைவி.

மகுடபதி இன்னொரு டீ கேட்டார்.

புகார் நிரூபணமாகவில்லை. ஆகவே பொய்ப் புகார். ஆகவே என் வேலை போகும். கமிட்டியின் தர்க்கம் இப்படித்தான் ஒவ்வொரு படியாக இறங்கியது.

வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், வக்கீல் ரெஜினா, மட்டும் எழுந்தார். "நிரூபிக்க முடியலன்னா பொய்னு அர்த்தமில்லைங்க. கெட்ட எண்ணத்தோட, வேணும்னே பொய் சொன்னாங்கன்னு தனியா விசாரிச்சு நிரூபிக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

அவர் பேசப் பேச மேசை நீண்டது. அவருடைய முனை வராண்டாவுக்குப் போய், கேண்டீனையும் தாண்டியது. சட்டம் எங்களிடம் வந்து சேர்ந்தபோது தீர்மானத்தை டைப் அடித்து முடித்திருந்தார்கள்.

தலைவிக்கு என்மேல் இரக்கம்தான். "சாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துரு அம்மணி. கையெழுத்து மட்டும் போடு. வேலையாவது மிஞ்சும்."

வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

கை என் தோளிலிருந்து இறங்கியது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, கடிதத்தின் அடியில் மகுடபதி என்று கையெழுத்துப் போட்டது. எங்கள் லீவு லெட்டர்களில் அவர் போடும் அதே சுழி, கீழே அதே இரண்டு புள்ளி. அறையே பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. இனி யார் மறுக்க முடியும்?

தலைவி கடிதத்தை மகுடபதியிடம் நீட்டினார். "இது உங்க கையெழுத்துங்களா சார்?"

"என்னோடதேதானுங்க."

"நீங்க போட்டீங்களா?"

அவர் காலிச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். "நான் எப்படிங்க போட முடியும்?"

தலைவி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "போலிக் கையெழுத்து வேறயா அம்மணி?"

அடுத்த விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். கை என் தோளுக்குத் திரும்பி வந்து, ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தது.