டேப் ஒட்டாத மூலை

அக்கா, விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறக் கோட்டிங் காய்ந்து ஒட்டியிருக்கிறது. என் விரலை விரல் என்றே மதிக்க மாட்டேன் என்கிறது போன். அதனால் வாயால் சொல்லி எழுதவைக்கிறேன். வரி முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, கையுறையில் ஓட்டை, அவ்வளவுதான், தோல் ஒன்றும் உரியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடு.

கொஞ்ச நாளாக நான் போனில் முகம் கொடுத்தே பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாயே, அதற்குக் காரணம் ஒரு வண்டி.

எங்கள் பட்டறை முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் பிரேக் அண்ணன். எதைச் சொன்னாலும் "இரு, இரு" என்பார். அவரிடம் வண்டி கழுவித் துடைப்பதுதான் என் வேலை. ஒரு நாள், தேனீ வளர்க்கும் அம்மா ஒருவர் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். காட்டுப் பாதையில் தேனீப் பெட்டிகளை ஏற்றிப் போகிற வண்டி. பின்னால் சாமான் ஏற்றும் தளம் முழுக்கக் கீறல், மூலைக்கு மூலை துரு. அதன்மேல் பாதுகாப்புக் கோட்டிங் பூச வேண்டும்.

பிரேக் அண்ணன் கறுப்பு டின்னை எடுத்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, கறுப்பு வெயில்ல அடுப்பா கொதிக்கும். மேல ஏத்தறது உசிராச்சே."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "போன கோடையில ரெண்டு பெட்டியில மெழுகே உருகிப்போச்சுப்பா. இதுவரைக்கும் ஒருத்தரும் இதைக் கேக்கல."

"இரு, இரு. அவ்வளவு தெரிஞ்சவன் நீயே பூசு" என்றார் அண்ணன். "ஒழுங்கா வந்தா இனிமே கோட்டிங் வேலை உனக்கு. வரலேன்னா வாளியும் துணியும்தான்."

 தேடித் தேடிப் பார்த்து, வெளிர் சாம்பலில் ரோலரால் உருட்டுகிற வகையைத் தேர்ந்தெடுத்தேன். பொடி ரப்பர் குருணை சேர்த்தால் பெட்டி வழுக்காது, அடிப்பலகையும் தேயாது. அந்த நிறத்தில் ஒரே ஒரு டின்தான் கடையில் இருந்தது.

துருவைச் சுரண்டினேன். பழைய பெயிண்டின் பளபளப்பு போகும்வரை தேய்த்தேன். கழுவிக் காயவிட்டு, தின்னரால் துடைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினேன். டின்னைத் திறந்து, கெட்டிப்படுத்தும் மருந்தை ஊற்றிக் கலக்கினேன். இரண்டும் கலந்துவிட்டால் சீக்கிரமே இறுகத் தொடங்கும், அது யாருக்காகவும் காத்திருக்காது.

ரோலரை எடுக்கும்போதுதான் பார்த்தேன், பின்கதவு மூலையில் டேப் விட்டுப்போயிருந்தது. ஒரு துண்டு ஒட்டினேன். விழுந்தது. அழுத்தி ஒட்டினேன். சருகு மாதிரி உதிர்ந்தது. தளத்தைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை.

அப்பாவின் லாரி ஞாபகம் இருக்கிறதா? நீ டயர், நான் கதவு. கழுவி முடித்ததும் டீசல் துணியால் ஒரு துடை துடைக்காவிட்டால் அப்பாவுக்கு வண்டி கழுவினதாகவே கணக்கில்லை. டின்னைத் திறப்பதற்கு முன்னால் என் தோளில் கிடந்த டீசல் துணியை எடுத்து, என்னைக் கேட்காமலே இந்தக் கை அதைச் செய்திருக்கிறது!

அப்படியே பூசினால் அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். காட்டுப் பாதையில் நாலு தடவை குலுங்கினால் பாம்புச் சட்டை மாதிரி உரியும். அதற்குள் வேலை எனக்குக் கிடைத்திருக்கும். டீசலைச் சுத்தமாக எடுத்து முடிப்பதற்குள் கலந்தது இறுகிவிடும்; டின் கையில் சூடாகிக்கொண்டே வந்தது. கீழே வைத்துவிட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"டீசலா? பூசறதுக்கு முன்னாடியா? தலைக்கு எண்ணெய் வெச்சுட்டுப் பொட்டு ஒட்டறவனை இப்பதான்டா பாக்கறேன்!" என்று கத்தினார். பிறகு, "கறுப்பு டின் இருக்குல்ல? துடைச்சுட்டு அதை அடி."

"அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேண்ணே."

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். 

"கறுப்பு வேணாம்பா. மலைமேல பூ பூத்துடுச்சு, பெட்டிகளோட நான் நாளைக்கே ஏறணும். வண்டியை அப்படியே குடு, பழைய ரப்பர் பாயைப் போட்டு ஓட்டிக்கறேன்."

திரும்ப வருவேன் என்று அவர் சொல்லவில்லை. டின்னுக்குள் எல்லாம் கல்லாக இறுகிவிட்டது. அண்ணன் அதைப் பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கதை தெரிந்து, வருகிறவன் போகிறவனெல்லாம் "யாருடா இந்த டீசல் தாத்தா?" என்று கேட்க, நான் வாளியும் துணியுமாகக் கிடந்தேன். அக்கா, அந்த நாட்களில்தான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை.

நேற்று அந்த வண்டி வந்து நின்றது.

"மலையில பூ முடிஞ்சுது" என்றபடி இறங்கினார் அந்த அம்மா. "உன் டீசல் முடிஞ்சுதா?"

பிரேக் அண்ணன் என்னைப் பார்த்தார். இரு, இரு என்று சொல்லவில்லை. புது சாம்பல் டின் ஒன்று அலமாரியில் இருந்தது. எப்போது வாங்கிவைத்தார் என்று தெரியாது.

இன்று பூசினேன். அதற்கு முன்னால் எல்லா மூலையிலும் டேப்பை ஒட்டி இழுத்துப் பார்த்தேன். பிய்த்தெடுக்க நகம் வலித்தது. இரண்டு பூச்சு போட்டாயிற்று. நன்றாக இறுகி வாடை போகும்வரை பெட்டி ஏற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பயந்து பயந்துதான் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அட மடையா, அது ஓடற வண்டிக்குடா! பூசற வண்டிக்கு எவனாவது டீசல் போடுவானா?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "காஞ்சப்புறம் ஒரே ஒரு துடை துடைச்சுப் பாரேன். பளபளன்னு இருக்கும்" என்றார்.

நீயே சொல்லி அவரை நிறுத்து. இங்கே அண்ணன் என் தோளில் கிடந்த துணியைப் பிடுங்கிக் கதவுக்கு வெளியே வீசிவிட்டார்.