பழசோடு பிணைத்த செயின்

ஏனாத்தூர் சாலையில் சங்கரியின் மொபெட் செயின் பல்லை விட்டு எகிறியது. பின்னால் மணல் லாரி. எப்படி ஓரம் கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பல்கலைக்கழக விடுதியில் சமையல் வேலை அவளுக்கு. விடியும் முன்னே போய் அடுப்பு பற்றவைக்க வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது. இந்தச் செயினோடு போனால் என்றைக்காவது ஒரு நாள் வீடு திரும்பமாட்டாள்.

அன்று மாலையே பட்டு நெய்கிற புருஷன் உமாபதியை இழுத்துக்கொண்டு மெக்கானிக் அர்ஜுனன் கடைக்குப் போனாள். அர்ஜுனன் செயினை ஒரு விரலால் தூக்கிக் காட்டினான். அது வாழைநார் மாதிரி தொங்கியது.

"செயினும் தேஞ்சிட்டுதுக்கா, பல்சக்கரமும் தேஞ்சிட்டுது. செட்டா மாத்துங்க. இல்லன்னா ரோட்டுல வுட்டுடும்."

"முழுசும் தேஞ்சிருக்காதுப்பா. கெட்ட எடத்த மட்டும் எடுத்துட்டு, புதுசு கொஞ்சம் கோத்துக் குடு" என்றான் உமாபதி.

"அப்டிலாம் நான் செய்ய மாட்டேண்ணா."

"தறியில நீட்டுவாக்குப் பாவு நூலு தீர்ந்தா இன்னாப்பா பண்றோம்? பழைய பாவோட நுனில புதுசைப் பொணைச்சிக்கினு மேல நெய்யுறோம். எங்க தாத்தா காலத்துலருந்து ஒண்ணும் அறுந்துடல."

அர்ஜுனன் சங்கரியைப் பார்த்தான். அவளுக்கு அவமானத்தில் தலை தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. குறுக்கே ஓடுகிற ஊடை நூலில் ஒரு இழை தடித்திருந்தால்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடிக்கிற மனுஷன் இவன். பட்டில் ஒரு பிசிறு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டியின் உயிர் தொங்குகிற இரும்புக்கு மட்டும் ஒட்டு போதுமாம்!

உமாபதி உதிரிபாகக் கடையில் புதுச் செயின் துண்டு ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுத்தியலால் தட்டித் தட்டிக் கோத்தான். "பாவு பொணைக்கிற வெரலு இது" என்று விரலை வேறு நீட்டிக் காட்டினான்.

"எனக்கு பயமா இருக்குதுங்க."

"ஓடும். நிதானமா ஓட்டு."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

அடுத்த வாரமே செயின் அறுந்தது. அறுந்த செயின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, வண்டி சட்டென்று நின்றுவிட, சங்கரி தார்ச்சாலையில் போய் விழுந்தாள். பின்னால் வந்த பேருந்து அவள் தலைமாட்டில் வந்து நின்றது. முழங்கால் கிழிந்து எலும்பு தெரிந்தது.

தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது உமாபதி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். யாரோ கொண்டுவந்து போட்டிருந்த செயின் கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நான் பொணைச்ச எடம் அறுவல பாரு. பழசுலதான் அறுந்துக்குது."

சங்கரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மருந்து வாடையால் அல்ல. சீ, இந்த மனுஷனுடனா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று நினைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டியபடியே ராட்டை முன் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் பாய்கிற அவனுடைய நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலை என்றைக்கும் அவள்தான் சுற்றுவாள். அன்றைக்குப் பாதித் தாருக்கு நல்ல பட்டு, மீதிக்கு மூலையில் கிடந்த கழிவுப் பட்டு. இரண்டையும் பிணைத்துச் சுற்றி அவனிடம் நீட்டினாள்.

உமாபதி தறிக்குழியில் இறங்கினான். நாடா கொஞ்ச நேரம் போய் வந்தது. பிறகு அவன் கை நின்றது. நெய்த இடத்தை விரலால் தடவினான்; உடம்பெல்லாம் பதறியது.

"அய்யய்யோ! கல்யாணப் பொடவடி! இன்னாடி சுத்தி வெச்சிருக்கிற?"

"பாதி நல்லது, பாதி கழிவு. பொணைச்ச எடம் அறுவல பாருங்க" என்றாள். "ஓடும். நிதானமா ஓட்டுங்க."

அவன் கண் மெல்ல இறங்கி, அவள் முழங்காலில் போட்டிருந்த கட்டின் மேல் வந்து நின்றது.

மறுநாள் அர்ஜுனன் கடை திறக்கும் முன்பே உமாபதி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நின்றான். புதுச் செயினும் பல்சக்கரங்களும் செட்டாக ஏறின. சங்கரி போய்ப் பார்க்கவில்லை. அவள் விழுந்தபோது பதறாத உடம்பு, பட்டு கெட்டதும் பதறியதே. அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் குமட்டுகிறது.