கண்ணைத் திறந்தபடி ஒரு ஜெபம்

டிரைவிங் மாஸ்டருக்குத் தேவாலயத்தில்கூடக் கால் சும்மா இருக்காது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின்மேல் காலை வைத்தே காலம் தள்ளியவர் அவர். போதகரின் பிரசங்கம் கொஞ்சம் வேகமாக வளைவு திரும்பினாலும் போதும், அவருடைய கால் பெஞ்சுக்கடியில் தரையை ஒரு மிதி மிதிக்கும். பக்கத்தில் இருக்கும் மனைவி முழங்கையால் ஓர் இடி இடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், "சனிக்கிழமை மத்தியானம் சிறைக்குள்ள கூட்டம் நடத்த நமக்கு அனுமதி கிடைச்சிருக்கு. வாராவாரம் போறதுக்கு ஒருத்தர் வேணும்" என்றார். சபை முழுவதும் திடீரென்று அவரவர் செருப்பைக் கவனிக்கத் தொடங்கியது. மாஸ்டரின் கால் வழக்கம்போல் பிரேக்கை மிதித்தது. கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்கு மேலே போய்விட்டது.

"கையைத் தூக்கினீங்களா, சோம்பல் முறிச்சீங்களா?" வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்.

"கூப்பிட்டாரு, தூக்கினேன்."

"யாரு, போதகரா?"

"அவருக்கும் மேல இருக்கறவரு."

அவள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. "அப்ப சரி. அந்தக் காலர் கிழிஞ்ச சட்டையைப் போட்டுட்டுப் போகாதீங்க" என்றாள். சம்மதத்தை அவள் இப்படித்தான் சொல்வாள்.

சிறை வாசலில் கைப்பேசி, சாவிக்கொத்து, இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நழுவும் கால்சட்டையை ஒரு கையாலும் வேதபுத்தகத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டு மாஸ்டர் உள்ளே போனார். கூட்டத்துக்குக் கொடுத்த அறை முன்பு பழைய கட்டில்கள் போட்டு வைத்த இடம். எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிகளுக்குப் பின்னால் வாசல். அதில் வார்டர் சாய்ந்து நின்றிருந்தார்.

முதல் கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. அறை முக்கால்வாசி நிறைந்திருந்தது. "கடவுளும் என்னை மாதிரி பக்கத்து சீட்டுக்காரர்தான். ஸ்டீயரிங்கைப் பிடுங்க மாட்டாரு. ஆனா இறங்கிப் போகவும் மாட்டாரு" என்று மாஸ்டர் சொன்னபோது சிரித்தார்கள். முன்வரிசையில் கதவு அகலத்துக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். உள்ளே எல்லாருக்கும் அவன் 'மீசை'. அவன்கூடச் சிரித்தான்.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் மாஸ்டர்.

தொழில் பழக்கம், அவர் ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார். ஒருவன்கூடக் கண்ணை மூடவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் இல்லை. கிளட்ச்சை விடச் சொல்லியும் விடாத மாணவனிடம் பேசும் குரல் அவரை அறியாமல் வந்துவிட்டது.

"ஆண்டவர் முன்னாடி ஒரு நிமிஷம் கண்ணை மூட முடியலையா? அவ்வளவு கல்லா ஆயிடுச்சா மனசு?"

அறையின் முகமே மாறிப்போனது.

"நீங்க மூடிக்குங்க சார்" என்றான் மீசை, மரியாதையாகத்தான். "எங்களை விட்டுடுங்க."

அடுத்த சனிக்கிழமை மீசை ஒருவன்தான் வந்தான். அவனும் மாஸ்டர் பாவம் தனியாக இருப்பாரே என்று வந்தவன் மாதிரி இருந்தது. கிளம்பும்போது வார்டர் கூடவே நடந்து வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். வர்ற வாரமும் இப்படியே இருந்தா ரூமைக் கேரம் போர்டுக்குக் குடுத்துடச் சொல்லி உத்தரவு. அதுக்காவது ஆள் வரும்."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "கூப்பிட்டவரு அவருதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான்தான் எங்கேயோ கியரைத் தப்பாப் போட்டுட்டேன். எங்கேன்னுதான் தெரியல" என்றார்.

மூன்றாம் சனிக்கிழமை மனைவியே காரை எடுத்தாள். இத்தனை வருடம் அவரிடம் கற்றுக்கொள்ள மறுத்தவள். "ஊருக்கே சொல்லிக் குடுக்கறீங்க, வீட்டுல சண்டை வேண்டாம்" என்பதுதான் அவள் கட்சி. ஆனால் கார் பாடத்துக்கு மட்டும்தான் என்று அவர் பேருந்தில் போய், நிறுத்தத்திலிருந்து சிறைவரை வெயிலில் நடப்பதைப் பொறுக்காமல், இந்த வாரம்தான் எல் போர்டு மாட்டிய காரில் ஏறியிருந்தாள்.

ரவுண்டானாவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இறுக்கினாள்.

"ஆண்டவரே, இவளையும் காப்பாத்தும், அந்த லாரிக்காரனையும் காப்பாத்தும்" என்றார் மாஸ்டர் சத்தமாக.

லாரி போய்விட்டது. அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. "என்னங்க இது, கண்ணை முட்டை மாதிரி முழிச்சு வச்சுக்கிட்டு ஒரு ஜெபமா?"

"கண்ணை மூடினா ரெண்டு பேரும் ஜெபம் பண்ண வேண்டியதில்ல. நேராவே போய்ப் பார்த்துடலாம்."

சொல்லும்போதே அந்த அறை அவர் கண்முன் வந்தது. வரிசையாக நாற்காலிகள். முதுகுக்குப் பின்னால் வாசல். யார் வருகிறான், யார் எழுந்திருக்கிறான் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஒருவரை ஒருவர் நம்ப வழியில்லாத ஓர் இடத்தில் போய், எல்லாரும் கண்ணை மூடுங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். மூடாததற்குக் கோபம் வேறு.

"வண்டியை ஓரமா நிறுத்தவா?" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து.

"வேண்டாம். கொஞ்சம் வேகமாவே போ."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

மீசை சொல்லிக் கூட்டிவந்ததில் அரை வரிசைக்கு ஆள் இருந்தது. வார்டரின் பக்கத்தில் கேரம் போர்டு தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. மாஸ்டர் வேதபுத்தகத்தைத் திறக்கவில்லை.

"அன்னிக்கு உங்களைக் கல்லுன்னு சொன்னேன். தப்பு. மன்னிச்சிடுங்க. என் வேலையில நான் ஒரு நாளும் கண்ணை மூடினதில்ல. உங்களை மட்டும் மூடச் சொல்லிட்டேன். ஆண்டவர்கூடத் தன் சீஷர்களை விழிச்சிருக்கத்தானே சொன்னாரு. யாரும் கண்ணை மூட வேண்டாம். நாற்காலியை உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிப் போட்டுக்குங்க. நான் மட்டும் மூடிக்கறேன். நீங்க பார்த்துக்குங்க."

கண்ணை மூடினார்.

அவரவர் வீட்டுக்காகவும், வெளியே காத்திருப்பவர்களுக்காகவும், உள்ளே இருப்பவர்களால் நஷ்டப்பட்டவர்களுக்காகவும் மெதுவாக ஜெபித்தார். நடுவில் ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அறை முழுக்க ஒரே சத்தம். யாரோ அவருக்கு வெகு அருகில் கடந்து போனார்கள். கால் தரையை மிதித்தது. கண்ணைத் திற என்று உடம்பு முழுவதும் கத்தியது. அவர் திறக்கவில்லை. ஆமென் சொல்லிவிட்டுத்தான் திறந்தார்.

நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் போயிருந்தன. எல்லாருடைய முதுகும் சுவரில். மீசை வாசலை அடைத்துக்கொண்டு, கைகளைக் கட்டி, எல்லார் முகத்தையும் பார்த்தபடி நின்றிருந்தான். மற்ற அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருவன் கன்னம் ஈரமாக இருந்தது.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா சார்?" என்றான் மீசை தணிந்த குரலில். "இவனுங்க இப்பத்தான் மூடியிருக்கானுங்க. நீங்க பண்ணுங்க, நான் பார்த்துக்கறேன்."

மாஸ்டர் மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை கண்ணைத் திறந்தபடியே, மீசையைப் பார்த்துக்கொண்டே, அவனுக்காகவும் சேர்த்து ஜெபித்தார். அவனுக்குப் பின்னால் வார்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

வெளியே விடும்போது வார்டர், "கேரம் போர்டுக்கு வேற இடம்தான் பார்க்கணும் போல" என்றார். "அடுத்த வாரம் வர்றீங்கள்ல?"

"கூப்பிட்டிருக்காரே, வராம என்ன?"

மனைவி காரைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தாள். அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். முதல் சிக்னலில் சிவப்பு. அவள் தானாகவே, ஒரு குலுக்கலும் இல்லாமல் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணை மூடியிருந்தார்.

"தூங்கறீங்களா?"

"நன்றி சொல்லிட்டிருக்கேன்."

"சீக்கிரம் சொல்லி முடிங்க," என்றாள், "பச்சை விழப் போகுது."