கிழிசல் கூடை

அன்னபூரணி காசியம்மாவுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். மகள் சிவப்ரியாவின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டும் என்று கண் கலங்கக் கேட்டாள். அடகில் கிடந்த தோட்டை மீட்க வைத்திருந்த சீட்டுப் பணத்தைக் காசியம்மா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தபோது வலிக்கவில்லை. வாங்கியவள் சென்னைக்குப் போய் மெக்சிகோ ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள் பாருங்கள், அன்றிலிருந்துதான் வலிக்க ஆரம்பித்தது.

கருக்களாச்சேரியில் கிழக்கு வெளுக்கும்போது கடற்கரைப் பக்கம் படகுகளின் எஞ்சின் சத்தம் கேட்கும். அதற்கும் முன்பே குஞ்சிதபாதத்தின் தகரக் கொட்டகையில் வேலை தொடங்கிவிடும். இளையபெருமாள் மைதாவையும் சோள மாவையும் மூட்டை பிரித்துக் கொட்டுவார். பிசையும் மெஷின் உறுமும். பெண்கள் மாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, பிரஸ்ஸின் அடித்தகட்டில் வைத்துக் காலால் மிதிப்பார்கள். கொதிக்கும் மேல்தகடு இறங்கி, சுர்ரென்று ஆவி விட்டு எழும்பும். கீழே வட்டமாக ஒரு ரொட்டி கிடக்கும். விரல் நுனியால் அதைக் கிள்ளி எடுத்து அடுக்குவதற்குள் அடுத்த உருண்டை உள்ளே போக வேண்டும். மாவு காய்ந்துவிடும் என்று ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் கடல். ஒரு துளிக் காற்று உள்ளே வராது. வியர்வையில் மாவு குழைந்து கழுத்து மடிப்பில் பசையாகக் காயும்.

பொழுது சாய்ந்ததும் வேன் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பும். அங்கே குஞ்சிதபாதத்துக்கு இரண்டு மெக்சிகோ ஓட்டல்கள். ரொட்டிக்குள் கோழிக்கறியும் ராஜ்மாவும் வைத்துச் சுருட்டி, சீஸைத் துருவிப் போட்டு, பச்சையாக ஏதோ ஒரு விழுதைத் தடவிக் கொடுப்பார்களாம். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் குடும்பம் குடும்பமாக வந்து, இடம் கிடைக்காமல் வாசலில் காத்துக் கிடப்பார்களாம்.

முன்பெல்லாம் நாள் கூலி. பொங்கல் கழிந்ததும் அதை எடுத்துவிட்டு ரொட்டிக் கணக்குக்குக் கூலி என்றார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் இருந்த கம்பிக் கதவையும் கழற்றி மூலையில் சாத்தினார்கள். கதவு திறந்திருந்தால் தகடு இறங்காது; திறந்து மூடுகிற நேரத்தில் இன்னொரு ரொட்டி போடலாம் என்றார் முதலாளி. கூடவே ஆளுக்கொரு நீலக் கூடை வந்தது. கிழிந்தது, கருகியது எல்லாம் அந்தக் கிழிசல் கூடைக்குள் போக வேண்டும். சாயங்காலம் நிறுத்துப் பார்த்து, எடைக்குத் தக்கபடி கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கிழிசலை மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள். யாரும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. மாதம் முழுக்க எவள் கூடை எடை குறைவோ, அவளுக்குச் சென்னை ஓட்டலில் விருந்து.

கூலி குறைந்ததைப் பற்றிப் பேசியிருக்க வேண்டியவர்கள் விருந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

முதல் மாதம் மாவு சிந்தாமல் பிசைந்ததற்காக இளையபெருமாள் போனார். அடுத்த மாதம் அன்னபூரணி. இரண்டு பேருடைய படத்தையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். காசியம்மாவின் பிரஸ்ஸுக்கு நேர் எதிரே அன்னபூரணியின் படம். தலையில் முறம் அகலத்துக்கு ஒரு வைக்கோல் தொப்பி. முன்னால் தட்டு நிறைய பலகாரம். முதியோர் பள்ளியில் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்ற காசியம்மா, தினமும் காலையில் அந்தப் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். 'இந்த மாத விருந்தாளி.' படிக்கப் படிக்க அடிவயிறு எரிந்தது.

"அந்தப் பச்சையா இருக்கே, அது என்னடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதுவா... கொத்தமல்லித் துவையலாட்டம்க்கா. ஆனா வெண்ணெ மாரி வழுக்கும்."

"காரமா?"

"காரந்தான். இல்ல, புளிப்பு. ரெண்டுங் கலந்தாப்புல."

அந்தப் பக்கத்து மெஷினிலிருந்து நீலாயதாட்சி எட்டிப் பார்த்தாள். "ஏன் மகாராணி, தொப்பியக் கழட்டிட்டுத் தின்னீங்களா, தொப்பியோடவா?"

கொட்டகை சிரித்தது. காசியம்மா சிரிக்கவில்லை. அவர்கள் தெருவில் கல்யாண வீட்டுக்குப் போனவள் ஒரு வடையையாவது முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். போக முடியாத பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிட்டுக் கொடுப்பாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் வெற்றிலையாவது வரும்.

"எனக்கு ஒரு விள்ளல் கொண்டாரணும்னு தோணலியேடி. என் காசு மட்டும் இனிச்சுதாக்கும்?"

அன்னபூரணி முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். "குடுத்துர்றேன்க்கா" என்றாள், அவ்வளவுதான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள் காசியம்மா.

மறுநாள் அவள் கையிலிருந்த ரொட்டி ஒன்று கிழிந்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்துக் கூடை அன்னபூரணியுடையது. கை தானாக அந்தப் பக்கம் நீண்டது. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு அடுக்காயிற்று. சாயங்காலம் நிறுக்கும்போது அன்னபூரணி விழித்த விழியைப் பார்த்தபோது, கடனில் கொஞ்சம் வசூலான மாதிரி இருந்தது காசியம்மாவுக்கு.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அன்னபூரணியின் கூடை பாதி நிறைந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த குஞ்சிதபாதம் கூடையைக் காலால் தட்டினார்.

"என்னம்மா இது? விருந்து சாப்பிட்ட கையி பண்ற வேலையா?"

பிடித்தம் போனது போக வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்ற பதைப்பில் அன்னபூரணி மிதியை வேகமாக மிதித்தாள். ரொட்டியை எடுக்கப் போன கை வெளியே வருவதற்குள் கால் இறங்கிவிட்டது. ரொட்டி வேகிற வாசனையோடு இன்னொரு வாசனை கலந்தது. அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. இளையபெருமாள் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். வலது கையின் நான்கு விரல்களும் மாவோடு ஒட்டிக் கிடந்தன.

ஆட்டோ அவளை ஏற்றிக்கொண்டு போனதும் முதலாளி சொன்னார்: "அந்தத் தகட்டத் தொடச்சுட்டு வேலையப் பாருங்க. ராத்திரிக்கு லோடு போவணும்."

மத்தியானம் காசியம்மாவை முதலாளியின் ஏசி அறைக்குக் கூப்பிட்டார்கள். குஞ்சிதபாதம் நாற்காலியைக் காட்டினார். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"உக்காருங்க காசியம்மா. நாளைக்கு லேபர் ஆபீஸ்லேந்து ஒருத்தர் விசாரிக்க வர்றாரு. பக்கத்து மெஷின் நீங்கதான. அவ போன்ல பேசிக்கிட்டே கைய விட்டான்னு சொல்லிருங்க."

"போனத்தான் வாசல்லயே வாங்கி வச்சிக்கிறீங்களே."

"சரி, பராக்குப் பாத்தான்னு சொல்லுங்க."

"அந்தக் கம்பிக் கதவு மட்டும் இருந்திருந்தா..."

"கதவ அவதான் கழட்டுனா." குஞ்சிதபாதத்தின் குரல் ஒரு கணம் தடித்து, மறுபடி குழைந்தது. "அடுத்த மாசம் விருந்தாளி நீங்கதான். எடை கிடையெல்லாம் பாக்க மாட்டேன். என்ன வேணுமோ கேட்டுச் சாப்புடுங்க."

கருகிய விரல்கள் கண்ணுக்குள் நிற்கும்போதே, அந்த வெட்கங்கெட்ட நாக்கில் எச்சில் ஊறியது. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று எழுந்து வந்தாள்.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். கடனைக் கேட்கத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து அன்னபூரணி படுத்திருந்தாள். சிவப்ரியா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"காச நெனச்சா வந்த? எப்படியும் குடுத்துருவேன்க்கா."

காசியம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"யக்கா, அன்னிக்கு விள்ளல் கொண்டாரலன்னு கேட்டியே." அன்னபூரணி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கே யாருந் தரலக்கா."

"என்னடி சொல்ற?"

"தொப்பிய மாட்டுனாங்க. தட்ட முன்னாடி வச்சாங்க. சிரிங்கன்னாங்க, சிரிச்சேன். சாப்புடலாம்னு கைய வச்சேன் பாரு, 'இரும்மா, இது அஞ்சாம் டேபிளுக்கு'ன்னு தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டான். 'எந்திரி, ஆள் வருது'ன்னாங்க. அப்புறம் வேன் கெளம்புற மட்டும் பின்னாடி பாத்திரம் வெளக்குனேன். எல போட்டு உக்கார வச்சு எழுப்பிவிட்டா எப்படி இருக்கும், நீயே சொல்லு. இத வந்து யார்கிட்டச் சொல்றது? அதான் கொத்தமல்லித் துவையல்னு..."

இத்தனை நாளும் எதைப் பார்த்து எரிந்தோம் என்று காசியம்மாவுக்கு உறைத்தது. தன் கை பக்கத்துக் கூடைக்குப் போனதைச் சொல்ல வாயெடுத்தாள். சிவப்ரியா மருந்தோடு வந்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் பிசையும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. காசியம்மா கொட்டகைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றாள். உள்ளே போக வந்த பெண்களும் நின்றார்கள்.

"எல்லாருங் கேட்டுக்கங்க. அன்னம் கூடையில கிழிசலப் போட்டது நான். பொறாமையில போட்டேன். அத ஈடுகட்டத்தான் அவ அவ்வளவு வேகமா மிதிச்சா." பிறகு ஓட்டலில் நடந்ததையும், முதலாளி சொல்லச் சொன்ன பொய்யையும், அதற்குக் கூலியாகத் தருவதாகச் சொன்ன விருந்தையும் சொன்னாள்.

நீலாயதாட்சி ஓரடி முன்னால் வந்தாள்.

"நான் உன் கூடையில போட்டேன்க்கா."

"என்னது?"

"நான் நீலாக்கா கூடையில" என்றாள் கடைசி மெஷினில் நிற்கும் ஓவியா.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஒரு ரொட்டிகூடக் கூடுதலாகக் கிழியவில்லை; ஒருத்தி கிழிசல் இன்னொருத்தி கூடைக்குப் போய்க் கொட்டகையைச் சுற்றி வந்திருக்கிறது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை முழுக்கப் பரவி, அன்னபூரணியின் விரல்கள் நினைவுக்கு வந்த இடத்தில் நின்றது.

இளையபெருமாள் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "எனக்கும் அங்க ஒண்ணும் தரலம்மா. அந்தத் தொப்பியில அடிச்சுதே ஒரு வேர்வ நாத்தம், நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்."

"பெருமையா ஏப்பம் விட்டுக் காட்டுனியேண்ணே!" என்றாள் ஓவியா.

"டீ குடிச்ச ஏப்பம்."

குஞ்சிதபாதத்தின் கார் வந்து நின்றது.

"என்ன, மாவு காயுது, வாசல்ல மாநாடா?"

"ஆபீசருக்காக நிக்கிறோம் முதலாளி" என்றாள் காசியம்மா. "கதவக் கழட்டுனது யாருன்னு எல்லாருமா சேந்து சொல்லப் போறோம்."

"நேத்து என்கிட்ட வேற மாரி சொன்னியே?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன். யோசிச்சுட்டேன்."

"உள்ள போறவ போலாம். மத்தவளுக்கு நாளையிலேந்து வேலை இல்ல."

ஒரு கால்கூட அசையவில்லை.

"அன்னபூரணிக்கு வைத்தியச் செலவும் கூலியும் குடுங்க" என்றாள் நீலாயதாட்சி. "கதவ மாட்டுங்க. கிழிசலுக்குப் புடிக்கிறத நிறுத்துங்க. போறோம்."

"ஒரு போன் போட்டா வடநாட்டுலேந்து ஆள் வந்து எறங்கிருவான்!"

"எறக்குங்க" என்றாள் காசியம்மா. "அவங்களுக்கும் கை ரெண்டுதான். அவங்ககிட்டயும் சொல்லுவோம்."

வெயில் ஏற ஏறப் பசித்தது. இளையபெருமாள் உள்ளே போய், நிறுத்துக் கட்டி வைத்திருந்த நேற்றைய கிழிசல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏய், வையி கீழ! அது கம்பெனிச் சொத்து!"

"எங்க கூலியில புடிச்சாச்சுல்ல?" என்று காசியம்மா மூட்டையின் வாயை அவிழ்த்தாள். "அப்ப இது நாங்க காசு குடுத்து வாங்குன சாப்பாடு முதலாளி."

வேலியோரப் பூவரச நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓவியா பூவரச இலைகளைப் பறித்து ஆளுக்கொன்று போட்டாள். தூக்குகள் திறந்தன. ஒன்றில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, ஒன்றில் கத்திரிக்காய்க் குழம்பு. நாளெல்லாம் சுட்டும் நாக்கில் படாத ரொட்டியைக் கிழித்துத் தொக்கில் தொட்டு வாயில் போட்டார்கள்.

அப்போதுதான் ஆட்டோவில் அன்னபூரணி வந்து இறங்கினாள். ஆபீசரிடம் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுவதாக ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கேட்டு வந்திருந்தாள். சிவப்ரியா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காசியம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அன்னம், உன் கூடையில..."

"தெரியும்க்கா. நானும் ஓவியா கூடையில கொஞ்சம் தள்ளிவிட்டேன்."

ஓவியா வாயில் ரொட்டியோடு சிரித்துப் புரையேறினாள். காசியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு துண்டு ரொட்டியில் தொக்கை வைத்துச் சுருட்டி, கட்டுப் போட்ட கைக்காரியின் வாயில் ஊட்டினாள்.

"எப்படிடி இருக்கு மெக்சிகோ?"

அன்னபூரணி நிதானமாக மென்றாள். "உப்பு பத்தலக்கா."

சாலை முனையில் ஒரு ஜீப் திரும்பியது. குஞ்சிதபாதம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். "ஆபீசர் வர்றாரு, எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!"

பந்தியிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்னபூரணி இடது கையால் மடியைத் தடவி, மடித்து வைத்திருந்த நோட்டுகளை வெளியே எடுத்தாள். "யக்கா, இதுல ஆயிரம் இருக்கு. மிச்சம் மூவாயிரத்து..."

காசியம்மா அதை வாங்கி, திரும்பவும் அவள் மடியிலேயே செருகினாள்.

"அந்தக் கடன நேத்தே தள்ளியாச்சு. வாயத் தொற."