போனை எடுக்காத அக்கா

மரம் வெட்டும் அணில் உச்சிக்கிளையில் இருந்தபோதுதான், கீழே நின்ற முதலாளி அக்காவின் கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. பூங்கா அலுவலகம். அங்கே வேலை கேட்டிருப்பதால் தன்னைப் பற்றி விசாரிப்பார்கள் என்று காலையில்தான் அணில் அந்த எண்ணைப் பதிந்து கொடுத்திருந்தான்.

அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருந்தது. கயிறு பிடிப்பவர் போன் எடுக்கக் கூடாது. அவளே போட்ட சட்டம்.

கிளைகளை அள்ளிக்கொண்டிருந்த சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். "டேய், அங்கேயே கூடு கட்டிடாத. பொண்டாட்டி மாசமா இருக்கா."

"அவதான் சித்தப்பா ஏத்தி விட்டா. வீட்ல ஒரே ஏச்சு."

போன் மறுபடி அடித்தது. சித்தப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். 'இதைக் கொஞ்சம் பிடிங்க' என்றால் போதும். அவள் சொல்லவில்லை. அவருக்கு முட்டி போய்விட்டது. அவளுக்கு உயரம் என்றாலே தலை சுற்றும். இவனும் போய்விட்டால் வேலிச்செடி வெட்டித்தான் காலம் தள்ள வேண்டும். போன் அடித்து ஓய்ந்தது.

அணில் இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கூப்பிட்டாங்களாக்கா?"

"கூப்பிட்டாங்க. கயிறு கையில இருந்துச்சு."

"அதுவும் சரிதான். விட்டிருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்." சிரித்தபடியே தண்ணீர் குடிக்கப் போனான். துளிகூடச் சந்தேகமில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வண்டிக்குப் பின்னால் போய் அவளே அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"நல்ல ஆளுன்னா நீங்க ஏம்மா விடுறீங்க?" என்றது எதிர்க்குரல்.

"எங்கிட்ட இருந்தா அவனுக்குச் சம்பளத்தோட லீவு கிடைக்காதுங்க. அடிபட்டாப் பார்க்கவும் எனக்கு வசதி இல்ல."

"எப்ப அனுப்புவீங்க?"

"திங்கக்கிழமையே வருவான்."

விஷயத்தைச் சொன்னதும் அணில் சித்தப்பாவைத் தூக்கிச் சுற்றினான். அவர் "முட்டி, முட்டி" என்று அலறினார். பிறகு இறக்கிவிட்டு, "அப்ப அடுத்த வாரம் வெட்டறதா ஒத்துக்கிட்ட அந்தப் பள்ளிக்கூடத்து மரம்?" என்று கேட்டான்.

"அதை நான் பார்த்துக்கறேன். நீ போய் உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு."

அவன் போனதும் சித்தப்பா அவளைப் பார்த்தார். "எப்படிம்மா பார்த்துப்ப?"

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இரண்டே நிமிடம்தான் ஆனது.