வாளிப் பூக்களின் பின்பக்கம்

எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அபாண்டம். நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். என் மூக்கு மேல் இருப்பது கண்ணாடி மட்டும்தான். ஆனால் யாராவது என் குயில்ட்டைப் பார்த்து "போர்வை நல்லா இருக்கே" என்று சொன்னால், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் சூடேறும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த படம், நடுவில் மெத்தென்று பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் தையல்கள். இதுதான் குயில்ட். போர்த்திக்கொள்பவர்கள் தாராளமாகப் போர்த்திக்கொள்ளட்டும். நான் தைப்பது மாட்டி வைத்துப் பார்ப்பதற்கு.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் பூக்கடை. சாயங்காலம் விற்காமல் மிஞ்சியதை அந்தப் பூக்கடைக்காரி ஒரு தகர வாளியில் போட்டு வாசலில் வைப்பாள். காம்பு ஒடிந்த ரோஜா, ஒரு பக்கம் வாடிய டேலியா, தலை தொங்கிய சூரியகாந்தி. போகும்போது எனக்கு ஒன்றை நீட்டுவாள். மறுநாள் அது என் மேஜையில் தண்ணீர் டம்ளரில் நிற்கும். கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். "பூ தெளிவா தெரியுதா?" என்று கேட்பேன். வீட்டுக்குப் போனதும் அந்த நிறத்துக்குத் துணித்துண்டு தேடுவேன். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் யாரும் என் கைவேலையிடமிருந்து தப்பியதில்லை; ஊசி செருகி வைக்கும் குட்டித் திண்டாவது போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தத் தகர வாளியைத்தான் இந்த வருடம் குயில்ட்டாகத் தைத்தேன். ஐந்தடிக்கு நாலடி. எங்கள் குயில்ட் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை நூலகக் கூடத்தில் கண்காட்சி வைக்கும். நல்லவை என்று அவர்கள் நினைப்பது சுவருக்குப் போகும். மற்றவை நான்காக மடிக்கப்பட்டு ஒரு நீள மேஜையில் அடுக்கப்படும். ஏழு வருடம் நான் மேஜை. மடித்து வைத்த படத்தை யார் பார்ப்பார்கள்? என் சூரியகாந்தியின் பாதி இதழைப் பார்த்துவிட்டு நகர்வார்கள்.

இந்த வருடம் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். "வாளிப் படத்தோட போட்டோ பார்த்தோம். வடக்குச் சுவர்ல நடு இடம் உங்களுக்கு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள கொண்டுவந்துடுங்க. லேட் ஆச்சுன்னா பல் டாக்டருக்குப் போயிடும்."

எங்கள் சங்கத்துப் பல் டாக்டர் வருடா வருடம் குயில்ட்டில் பூனை தைப்பார். ஒரே பூனை. நான் தலைகீழாக நின்றாவது பன்னிரண்டுக்குள் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். ஓரமெல்லாம் கட்டி முடித்த பிறகு பார்த்தால் வாளியைச் சுற்றியிருந்த இடம் தொளதொளவென்று நின்றது. அங்கே நெருக்கமாகத் தையல் போட்டாக வேண்டும். நடுப்பகுதி என்பதால் அடியில் கை எட்டாது. சாப்பாட்டு மேஜையில் விரித்து மேலிருந்தே தைத்தேன். ஊசி முனை மேஜைப் பலகையில் 'டக்' என்று தட்டியதும் மேலே தூக்க வேண்டும். குயில்ட்டைத் திருப்பினால் மூன்று அடுக்கும் நகர்ந்து சுருக்கம் விழும். அதனால் அதை அசைக்காமல் நானே மேஜையைச் சுற்றி வருவேன். இது நான் கண்டுபிடித்த முறை. சங்கத்தில் பதினோரு பேருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குயில்ட்டைத் தூக்கினேன். மேஜை விரிப்பும் கூடவே எழுந்து வந்தது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் அடியிலிருந்து பார்ப்பது அவர் பழக்கம். குனிந்து பார்த்தார். "ரெண்டு நாளா ரெண்டையும் சேர்த்துத் தச்சிருக்க. கண்ணாடிக் கடையில வேலை பார்க்குறவ!" என்றார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

விரிப்பு நான் தைத்ததாக இருந்தால் யோசித்திருக்க மாட்டேன். அதைத் தைத்தது என் நாத்தனார், இவருடைய அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு ஒரு வருடம் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். வெள்ளைத் துணியில் இருபத்தைந்து நீலப் பூங்கொத்து. சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு வருவார். தோட்டத்துப் பூவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, விரிப்பு மேஜை மேல் இருக்கிறதா என்று கண் கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். அதற்காகவே அது எப்போதும் அங்கே கிடக்கும். அவருக்கு நான் தைத்துக் கொடுத்த குயில்ட் எங்கே இருக்கிறது தெரியுமா? அவர் வீட்டு வாஷிங் மெஷின் மேல். மூன்று வருடமாக எனக்கு அது ஆறவில்லை.

"தையலப் பிரிச்சிடலாமா?" என்றார் இவர்.

"ரெண்டு நாள் தச்சதைப் பிரிக்க மூணு நாள் ஆகும்."

"அப்ப விரிப்ப வெட்டு."

கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். வாஷிங் மெஷினை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பூங்கொத்தின் அருகே கத்தரியை வைத்தேன். வைத்தவள் குனிந்து பார்த்தேன். நான்கு வருடமாக அதன் மேல் சோறும் குழம்பும் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு இதழிலும் நீலம் மூன்று விதமாக மாறியது. துணியைப் புரட்டினால் அந்தப் பக்கமும் ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் தொங்கவில்லை. என்னால் வெட்ட முடியவில்லை. தையல் தெரிந்த எவளாலும் முடியாது. பல் டாக்டரின் பூனை என் சுவரில் உட்கார்ந்து மீசையை நக்குவது கண்ணில் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

அப்போது கதவு திறந்தது. அண்ணி. ஒரு கையில் சாமந்தி.

என் கையில் கத்தரி, கத்தரியின் வாயில் அவருடைய பூ. கையும் களவுமாகப் பிடிபட்டேன். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, வேணும்னு செய்யல. தைக்கும்போது சேர்ந்து வந்துடுச்சு. பன்னெண்டு மணிக்குள்ள சுவருக்குப் போகணும். பரவால்ல, நான் போகல. பிரிச்சுடறேன்."

அவர் பூவை வைத்துவிட்டு குயில்ட்டை நாற்காலி மேல் விரித்தார். வாளியைப் பார்த்தார். ஒடிந்த ரோஜாவைப் பார்த்தார். பிறகு மொத்தத்தையும் புரட்டினார். அவருடைய நீலப் பூக்களுக்கு நடுவே என் தையல்கள் மழைக்கோடு போல வளைந்து வளைந்து ஓடின. ஒரு தையலின் மேல் விரலை ஓட்டினார்.

"கத்திரியக் குடு," என்றார்.

கொடுத்தேன். என் குயில்ட்டின் ஓரத்துக்கு வெளியே ஓர் அங்குலம் விட்டு, தான் ஒரு வருடம் தைத்த விரிப்பைத் தானே சர்ரென்று வெட்டினார். நடுத்துண்டு குயில்ட்டோடு நின்றது. ஓரங்கள் தரையில் விழுந்தன.

"அண்ணி!"

"என்ன அண்ணி? மேஜைக்குத் துணி எந்தக் கடையிலயும் கிடைக்கும். சுவர் கிடைக்குமா? ஏழு வருஷமா மேஜை மேஜைன்னு நீ புலம்புனது என் காதுல விழலன்னு நினைச்சியா? உக்காரு. ஓரத்த மடிச்சுத் தைக்கணும். நீ அந்த மூலை, நான் இந்த மூலை."

எதிரெதிராக உட்கார்ந்து தைத்தோம். கை சும்மா இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காது. "நான் குடுத்தத மட்டும் மெஷின் மேல போட்டிருக்கீங்க," என்றேன்.

"எங்க வீட்டுல அந்த ஜன்னல்கிட்டதான் வெளிச்சம். நாள் பூரா அங்கதான் உக்காந்து தைக்கிறேன். கண்ணுக்கு எதிர்ல இருக்கட்டும்னு போட்டேன். வேற எங்க போடச் சொல்ற, பீரோவுக்குள்ளயா?" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று வருடக் கோபம் எனக்கு வெட்கமாகத் திரும்பி வந்தது. தலையைக் குனிந்துகொண்டு தைத்தேன்.

பதினொன்றேகாலுக்குத்தான் ஞாபகம் வந்தது: மாட்டுவதற்குக் கம்பி நுழையும் துணிக்குழாய் இன்னும் தைக்கவில்லை. நான் வெட்டி வைத்திருந்த துணியை அண்ணி ஒதுக்கிவிட்டு, தரையில் கிடந்த தன் விரிப்பின் நீள ஓரத்தை எடுத்தார். "இதைவிட கெட்டியா கிடைக்காது. எவ்வளவு கனமும் தாங்கும்." கடைசி அரையடியை வண்டியின் பின்சீட்டில் தைத்தோம். இவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் "ஊசி ஜாக்கிரதை!" என்று கத்தினார். கூடத்துக்குள் ஓடியபோது மணி பதினொன்று ஐம்பத்தாறு. பல் டாக்டர் வாசலில் பூனையோடு தயாராக நின்றார். நான் மரியாதையாக வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இவர் கோணல் இல்லையே என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, லிஃப்ட் ஏற்றுவது போலக் கம்பியை ஏற்றினார். வடக்குச் சுவர், நடு இடம். என் வாளி முழுதாக நின்றது; மடிப்பு இல்லை, பாதி இதழ் இல்லை. எனக்கு விசிலடிக்கத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்திருக்கலாம்.

மறுநாள் கண்காட்சி. குயில்ட்டை யாரும் தொடக் கூடாது. ஆனால் குயில்ட் தைக்கிறவர்களுக்குப் பின்பக்கம் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அதற்காக வெள்ளைக் கையுறை போட்ட சங்கத்து ஆட்கள் ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நடுவர் வந்தார். முன்பக்கம் பார்த்தார், தலையாட்டினார். கையுறைக்காரர் ஓரத்தைத் தூக்கியதும் நடுவர் வாயைப் பிளந்தார். "இன்னும் தூக்குங்க. இன்னும்!" என்றார். அரை மணி நேரத்தில் முதல் பரிசின் சிவப்பு ரிப்பன் என் வாளிக்கு மேல் தொங்கியது. சங்கத்தார் அத்தனை பேரும் கைதட்டினார்கள். பல் டாக்டர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார், நல்ல மனுஷன்.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் என் சுவர் முன்னால் எள் விழ இடமில்லை. கதவு வரைக்கும் வரிசை. எல்லோரும் பின்பக்கம் பார்க்க வந்தவர்கள். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எரிச்சல்தான் வந்தது. எட்டிப் பார்த்தேன். யாரிடமிருந்தோ பிடுங்கிய வெள்ளைக் கையுறையோடு அண்ணி நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண்மணி அவசரமாக ஓரத்தைக் காட்டச் சொன்னார்.

"பின்பக்கம் எங்கயும் ஓடிப் போகாது," என்று அண்ணி அதட்டினார். "முதல்ல முன்னாடி பாருங்க. நல்லாப் பாருங்க. அந்த ரோஜாவப் பாருங்க. எங்க வீட்டுப் பொண்ணு தச்சது. அதைப் பார்த்தவங்களுக்குத்தான் தூக்கிக் காட்டுவேன்."

நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். இருபது நிமிடம் ஆயிற்று. என் முறை வந்ததும் அண்ணி கண்ணைச் சுருக்கினார்.

"நீ எதுக்கு நிக்கிற?"

"முன்பக்கம் பார்த்தாச்சு அண்ணி," என்றேன். "தூக்கிக் காட்டுங்க."